களையென்று நான் வெட்டியது பயிர்! கென்யக் கன்னியர் மடத்துப் பண்ணையில் ஆறு வாரங்கள்

இருபத்தெட்டு வருடமாக விவசாயிகளுக்குக் களை எடுக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். எந்த வயதில் எடுக்க வேண்டும், எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், களையென்று நினைத்துப் பயிரை வெட்டிப் போட்டு, ஒரு பாட்டியிடம் திட்டு வாங்கியது கென்யாவில். அந்தக் கதையைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அதோடு, மக்காச்சோளத்தில் படைப்புழு பற்றியும் சோளத்தில் சுடுமல்லி பற்றியும் இந்த இதழுக்கு வாசகர்கள் தொடர்ந்து கேள்வி அனுப்புகிறீர்கள். அதற்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

போனது எப்படி?

என்னோடு பள்ளியில் படித்த நண்பனின் அக்கா, பதினெட்டு வயதில் கன்னியர் சபையில் சேர்ந்தார். செவிலியர் படிப்பு முடித்து ஆப்பிரிக்காவுக்குப் போனவர், அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம், “தம்பி, நீ விவசாயம் படிச்சவன்தானே? எங்க மடத்துல அஞ்சு ஏக்கர் இருக்கு. ஒரு தடவ வந்து பாரு” என்பார். பிள்ளைகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. ஈட்டிய விடுப்பு எடுத்து, வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று வாங்கி, சேமிப்பில் விமான டிக்கெட் போட்டு, 2023 ஏப்ரல் நடுவில் கிளம்பினேன்.

நைரோபியிலிருந்து கிசுமு, அங்கிருந்து காரில் ஹோமா பே மாவட்டம். விக்டோரியா ஏரிக்கரைப் பகுதி. பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் நம் சித்திரை வெயிலை நினைத்தால் அங்கே சொர்க்கம். வீடுகளைச் சுற்றி நம் ஊர்த் திருகுகள்ளிதான் வேலி. அதன் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். காலை ஆகாரம் கேழ்வரகுக் கஞ்சி. கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நமக்கு வந்த தானியம்தான் என்று கல்லூரியில் படித்தது, அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது நினைவுக்கு வந்தது.

மடத்துக்கு எதற்குப் பண்ணை?

மடத்தில் ஏழு சகோதரிகள். அக்கா ஒருவர்தான் தமிழ். மற்ற அனைவரும் ஆப்பிரிக்கப் பெண்கள். ஒருவர் பள்ளித் தலைமையாசிரியை, இருவர் ஆசிரியைகள், அக்கா மருந்தகத்தில். பண்ணைக்குப் பொறுப்பாக இருப்பவர் அறுபது வயதைக் கடந்த ஒரு சிஸ்டர். அதே மண்ணில் லுவோ இனத்தில் பிறந்தவர். காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். பிரார்த்தனை, கஞ்சி முடிந்ததும் ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸைப் போட்டு, அங்கியின் கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டு, தோளில் ‘ஜெம்பே’யோடு கிளம்பிவிடுவார். ஜெம்பே என்றால் நீளக் கைப்பிடி வைத்த மண்வெட்டி. உழவு, களை, அணைப்பு எல்லாம் அதில்தான்.

கன்னியர் மடத்துக்கு எதற்கு விவசாயம் என்று முதல் நாளே கேட்டேன். பதிலை அக்காவின் மருந்தகத்தில் பார்த்தேன். கென்யாவில் எச்.ஐ.வி. பாதிப்பு மிக அதிகமாக உள்ள மாவட்டங்களில் ஹோமா பேவும் ஒன்று. ஒரு தலைமுறையே ஆட்டம் கண்டுவிட்டது. பல வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பது பாட்டிகள்தான்.

“மாத்திரை இலவசமாவே கிடைக்குது தம்பி. தினமும் விடாம சாப்பிடணும். ஆனா வெறும் வயித்துல மாத்திரை போட்டா குமட்டுது, தலை சுத்துதுன்னு நிறுத்திடுறாங்க. அவங்களுக்கு நான் மருந்து கொடுத்தா மட்டும் போதுமா? வீட்டுல சோளமாவு இருக்கான்னும் நான்தான் கேக்க வேண்டியிருக்கு” என்றார் அக்கா.

மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ‘உகாலி’ களிதான் அங்கே சாப்பாடு. தொட்டுக்கொள்ளக் கீரை, அல்லது நம் நெத்திலி மாதிரி ‘ஒமேனா’ கருவாடு. மக்காச்சோளம் விளையவில்லை என்றால் அந்த வீட்டில் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். அதனால்தான் மடத்துப் பண்ணையில் பள்ளி விடுதிக்கான சோளமும் பீன்ஸும் மட்டுமல்ல, சுற்றியுள்ள வீடுகளுக்கான பாடமும் விளைகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கன்னியர்களின் வேலைக்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. அயர்லாந்தில் பிறந்த மதர் கெவின் 1903-இல் உகாண்டா வந்து, கம்பாலா பக்கம் என்சாம்பியாவில் ஒரு மாமரத்தடியில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். 1923-இல் ஆப்பிரிக்கப் பெண்களுக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். 1957-இல் அவர் அமெரிக்காவில் இறந்தபோது, உடலை உகாண்டாவுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மரம் நடும் இயக்கத்துக்காக 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய் படித்ததும் கன்னியர்களின் பள்ளிகளில்தான்.

ஊதாப்பூ எமன்

போன மூன்றாம் நாள் சிஸ்டர் என்னை ஊருக்குள் அழைத்துப் போனார். சில வயல்களில் சீக்கிரமே விதைத்த மக்காச்சோளம் முழங்கால் உயரம்கூட இல்லை. தண்ணீர் இருந்தும் வாடியது மாதிரி, வெளிறிப்போய் நின்றது. அடியில் பார்த்தால், மண்ணைத் துளைத்துக்கொண்டு சின்னச் சின்னச் செடிகள். இன்னும் சில வாரத்தில் இவை ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பூந்தோட்டம் மாதிரி இருக்கும். லுவோ மொழியில் இதன் பெயர் ‘கயோங்கோ’. நம் ஊரில் சோளத்திலும் கரும்பிலும் வரும் சுடுமல்லியின் நெருங்கிய உறவு.

சுடுமல்லி சாதாரணக் களை அல்ல, வேர் ஒட்டுண்ணி. மக்காச்சோள வேரிலிருந்து கசியும் ஒரு பொருளை உணர்ந்துதான் அதன் விதையே முளைக்கும். முளைத்ததும் வேரில் ஒட்டி, சாறை உறிஞ்சும். அது மண்ணுக்கு மேலே வந்து நாம் பார்ப்பதற்குள் பாதி சேதம் முடிந்துவிடும். ஒரு செடி தூசி மாதிரிப் பல்லாயிரம் விதை போடும். அந்த விதை பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். சத்து குறைந்து, வருடா வருடம் சோளமே போட்ட மண்ணில்தான் அதன் ஆட்டம் அதிகம். அதாவது, ஏழையின் நிலத்தைத் தேடி வரும் களை இது.

இதோடு தண்டுத் துளைப்பானும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே மக்காச்சோளத்தைத் துளைக்கும் புழுக்களில் ஒன்றான ‘கைலோ பார்டெல்லஸ்’ ஆசியாவிலிருந்து போனது. 1930-களில் ஆப்பிரிக்காவில் முதன்முதலாகப் பதிவானது. பதிலுக்கு அங்கிருந்தும் ஒன்று வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018-இல் கர்நாடகாவில் தெரிந்தது. அதே ஆண்டில் நம் மக்காச்சோள வயல்களுக்கும் வந்துவிட்டது. அரியலூர், பெரம்பலூர் விவசாயிகள் அந்தப் பருவத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

‘தள்ளு–இழு’ முறை

மடத்து வயலுக்குத் திரும்பினால் வேறு காட்சி. அதே மண், அதே மழை. மக்காச்சோளம் கரும்பச்சையாக நிற்கிறது. வயலைச் சுற்றி மூன்று வரிசை நேப்பியர் புல். சோள வரிசைகளுக்கு நடுவே தரையே தெரியாமல் ஒரு கொடிப்பயிர் படர்ந்திருக்கிறது. அதன் பெயர் டெஸ்மோடியம். பயறு வகைக் குடும்பத்துத் தீவனப்பயிர்.

இந்த முறையை உருவாக்கியது, நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘இசிபே’ என்கிற சர்வதேசப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம். விக்டோரியா ஏரிக்கரையில் எம்பிட்டாவில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த பூச்சியியல் அறிஞர் ஜியாவுர் கான், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1990-களில் இதை வளர்த்தெடுத்தார். இன்று கிழக்கு ஆப்பிரிக்காவில் பல்லாயிரம் சிறு விவசாயிகள் செய்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. டெஸ்மோடியத்தின் வாசனை தாய் அந்துப்பூச்சிக்குப் பிடிக்காது. அது வயலைவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. ஓரத்தில் இருக்கும் நேப்பியர் புல்லின் வாசனை அதை இழுக்கிறது. இருட்டத் தொடங்கும் நேரத்தில், அதாவது அந்துப்பூச்சி முட்டையிட அலையும் நேரத்தில், புல் அந்த வாசனையை அதிகமாக விடுகிறது. பூச்சி அங்கே போய் முட்டையிடும். ஆனால் புழு தண்டைத் துளைக்கும்போது நேப்பியர் பிசின் மாதிரி ஒரு திரவத்தைச் சுரந்து பெரும்பாலான புழுக்களைக் கொன்றுவிடும்.

சுடுமல்லிக்கு வேறு வைத்தியம். டெஸ்மோடியத்தின் வேர்க்கசிவில் ஒரு பொருள் சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும். இன்னொரு பொருள், முளைத்ததைச் சோள வேரில் ஒட்டவிடாமல் தடுக்கும். ஒட்ட இடமில்லாமல் முளை செத்துப்போகும். இப்படிப் பருவத்துக்குப் பருவம் மண்ணில் கிடக்கும் விதை இருப்பு குறைகிறது. வறட்சி தாங்கும் டெஸ்மோடியம் ரகத்தையும் பிராக்கியாரியா புல்லையும் வைத்துச் செய்த வயல்களில் படைப்புழு எண்ணிக்கை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது.

போதாக்குறைக்கு, டெஸ்மோடியம் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது, மண் அரிப்பைத் தடுக்கிறது. அதுவும் நேப்பியரும் மாட்டுக்குத் தீவனம். மருந்துக்கடைப் பக்கம் போகவே வேண்டியதில்லை.

நான் செய்த தப்பு

இனி பாட்டி கதை. மடத்திலிருந்து பத்து நிமிட நடையில் அவர் வீடு. அரை ஏக்கர் நிலம், ஒரு நாட்டு மாடு, மூன்று பேரப்பிள்ளைகள். பிள்ளைகளின் தாயும் தகப்பனும் இல்லை. போன வருடம் சகோதரிகளின் பேச்சைக் கேட்டுத் தள்ளு–இழு முறையில் விதைத்தார். நேப்பியர் நன்றாக வந்துவிட்டது, டெஸ்மோடியம் வரவில்லை. சுடுமல்லி பழையபடி பூத்தது. 90 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டைதான் சோளம். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார். இந்தப் பருவமும் இப்படிப் போனால் கொடுத்துவிடுவது என்று பாட்டி முடிவு செய்திருந்தார். கொடுத்துவிட்டால் வருடம் முழுக்கச் சோளத்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

விதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் களை எடுக்க சிஸ்டர், பாட்டி, பெரிய பேத்தி, நான் என்று நாலு பேர் இறங்கினோம். நான் அதிகாரி அல்லவா, வேகத்தைக் காட்ட வேண்டாமா? ஜெம்பேயை எடுத்து, சோள வரிசைகளுக்கு நடுவே சரசரவென்று கொத்திக்கொண்டே போனேன். மூன்று இடைவரிசை முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பின்னால் ஒரு கூச்சல்.

பாட்டி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். லுவோ மொழியில் என்ன சொன்னார் என்று புரியவில்லை. ஆனால் திட்டு எந்த மொழியில் இருந்தாலும் புரியும். மண்டியிட்டு, நான் கொத்திப் போட்டதிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு இலை வைத்த நாற்றுகளைப் பொறுக்கி மடித்துணியில் போட ஆரம்பித்தார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மூன்று வாரத்து டெஸ்மோடியம் அவ்வளவுதான் இருக்கும். மெல்லிசாக, விட்டுவிட்டு முளைத்து, களையோடு களையாக நின்றிருக்கிறது. அதில் மூன்று வரிசையை நான் அழித்திருந்தேன்.

சிஸ்டர் வந்து பார்த்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

“போன வருடமும் இதேதான் நடந்தது. களை எடுக்கக் கூலிக்கு வந்தவர்கள் மொத்த வயலையும் இப்படித்தான் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். பாட்டி அன்று காய்ச்சலில் படுத்திருந்தார்” என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. “விதைக்கு என்ன விலையோ நான் கொடுத்துவிடுகிறேன்” என்றேன்.

“பணம் வேண்டாம். விதையை இப்போது போட்டால் பிந்திவிடும். நாளைக் காலை ஆறு மணிக்கு நம் வயலுக்கு வாருங்கள்” என்றார்.

மறுநாள் மடத்து வயலில் முற்றிய டெஸ்மோடியக் கொடிகளை அறுத்தோம். கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, தலையில் சுமந்துகொண்டு பாட்டி வயலுக்குப் போனோம். டெஸ்மோடியம் விதையில் மட்டுமல்ல, கொடியிலும் வரும். இரண்டு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. மழை ஈரம் இருந்ததால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. மூன்று வரிசையோடு நிற்காமல், முளைப்பு விட்டுப்போன இடமெல்லாம் நட்டோம். மூன்று நாள் வேலை. பள்ளிவிட்டு வந்ததும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முதல் இரண்டு நாள் பாட்டி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சிரிக்கவில்லை. ஆனால் கிழங்கு பெரியதாக இருந்தது.

அன்று இரவு அக்காவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். “வந்துட்டுப் போனவங்க இந்த ஊருல நிறையப் பேரு தம்பி. போர்டு நடுவாங்க, போட்டோ எடுப்பாங்க. அவங்க போனப்புறம் பாட்டிதான் இங்க இருக்கணும். அதான் அவங்களுக்குக் கோபம்” என்றார்.

மூன்று பருவக் கணக்கு

அந்த மடத்தில் ஒரு வழக்கம். எந்தப் புது முறையானாலும் முதல் பருவம் தங்கள் நிலத்தில் மட்டும் செய்து பார்ப்பார்கள். சரியாக வந்தால் இரண்டாம் பருவம், பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளில், தாங்களும் கூடவே இறங்கி வேலை செய்து பார்ப்பார்கள். மூன்றாம் பருவத்தில்தான் ஊர்க் கூட்டத்தில் பேசுவார்கள். பேசுவதும் சகோதரிகள் அல்ல, செய்து பார்த்த வீட்டுக்காரர்கள். தோற்றுப்போனதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நேப்பியரைக் குட்டையாக்கும் நோய் அந்தப் பகுதியில் உண்டு. ஒரு முறை மடத்து நேப்பியரில் அது வந்தபோது, ஊரையே கூட்டி அந்தத் தூர்களைக் காட்டி, ‘இப்படி மஞ்சளடித்துக் குட்டையாக இருந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள், இங்கிருந்து கரணை வாங்கிப் போகாதீர்கள்’ என்று சிஸ்டர் சொன்னாராம். கரணை விற்றால் மடத்துக்கு வருமானம். ஆனாலும் சொன்னார்.

என் பங்குக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன். நான் செய்த தப்பை இன்னொருவர் செய்யாமலிருக்க, டெஸ்மோடிய வரிசையின் இரண்டு முனையிலும் குச்சி நடலாம். விதையோடு ஒரு சிட்டிகை முளைக்கீரை விதை கலந்து போட்டால், கீரை நான்கைந்து நாளில் முளைத்து வரிசையைக் காட்டிக் கொடுக்கும். மூன்று வாரத்தில் பிடுங்கிச் சமைத்தும் சாப்பிடலாம். சிஸ்டருக்கு முகம் மலர்ந்தது. ஊர்க் கூட்டத்தில் நானே சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நல்ல யோசனை. குச்சியை நாளைக்கே நடுவோம். கீரையை முதலில் எங்கள் நிலத்தில் ஒரு பருவம் பார்க்கிறோம்” என்றார்.

பிறகு, மண்ணைத் தட்டிக்கொண்டே சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் ஊரில் நீங்கள் போட்டுக் கொடுத்த செயல்விளக்கத் திடல்களை நாலைந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?”

நான் யோசித்தேன். பலகை வைப்போம், படம் எடுப்போம், அறுவடை மகசூலைக் குறித்துக்கொள்வோம். அதோடு அடுத்த திட்டம் வந்துவிடும், அல்லது எனக்கு இடமாற்றம் வந்துவிடும். இத்தனை வருடத்தில் திரும்பிப் போய்ப் பார்த்தது ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அதை அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டினார், வேறெதுவும் சொல்லவில்லை.

பிறகு வந்த செய்தி

மே கடைசியில் நான் கிளம்பும்போது, பாட்டி வயலில் நாங்கள் நட்ட கொடிகளில் பெரும்பாலானவை துளிர்த்திருந்தன. சுடுமல்லி அங்கங்கே தலைகாட்டத்தான் செய்தது. பூக்கும் முன்பே அதைப் பிடுங்கிப் போடும் வேலையைப் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். விடைபெறும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சிஸ்டர் மொழிபெயர்த்தார்: “அடுத்த தடவை வந்தால் பார்த்துக் கொத்து என்கிறார்.”

ஆகஸ்டில் அக்கா போன் செய்தார். பாட்டிக்கு நான்கு மூட்டை சோளம். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சுடுமல்லி இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்கு இன்னும் சில பருவம் ஆகும். ஆனால் டெஸ்மோடியம் தரையை மூடிவிட்டது. அறுத்த கொடியையும் நேப்பியரையும் தின்று மாடு கொஞ்சம் கூடுதலாகப் பால் தருகிறது. குத்தகைக்குக் கேட்டவரிடம் பாட்டி இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஊர் திரும்பிய நான், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கிராமத்தில் போட்ட செயல்விளக்கத் திடலைத் தேடிப் போனேன். அந்த விவசாயி வரப்பில் உட்கார்ந்திருந்தார். “வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றார். அன்று சொல்லிக் கொடுத்ததில் எது நின்றது, எதை, ஏன் விட்டார் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். அதற்குள் இருந்த விஷயம் எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு இப்படி ஒரு பழைய வயலுக்குப் போகிறேன்.

நம் வயலுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

இதைப் படித்ததும் நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

*கேள்வி: டெஸ்மோடியத்தை நாமும் போடலாமா?*

நம் பகுதியில் விதை எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் யாரிடமும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது சட்டப்படி தவறு. புது நோயையும் கூடவே கொண்டுவரும். முறையின் அடிப்படையை நம் பயிர்களை வைத்துச் செய்யலாம். மக்காச்சோளத்தைத் தனிப்பயிராகப் போடாமல் தட்டைப்பயறு அல்லது உளுந்தை ஊடுபயிராகவும், வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்றவற்றையும் போடுங்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுங்கள். ஆனால் டெஸ்மோடியம் செய்யும் அத்தனையையும் இவை செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

*கேள்வி: சோளத்தில், கரும்பில் சுடுமல்லி வந்தால்?*

பூப்பதற்கு முன்பே பிடுங்குங்கள். பூத்துவிட்டால் பிடுங்கியதை வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடவே கூடாது. அந்த வயலில் ஒரு பருவம் நிலக்கடலை, பருத்தி, தட்டைப்பயறு என்று மாற்றிப் போடுங்கள். இவற்றில் சிலவற்றின் வேர்க்கசிவுக்கும் சுடுமல்லி விதை முளைக்கும், ஆனால் ஒட்டிப் பிழைக்க முடியாமல் சாகும். தொழுவுரமும் தழைச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதித்த வயலில் வேலை செய்த கருவியைக் கழுவாமல் அடுத்த வயலில் இறக்காதீர்கள்.

*கேள்வி: தீவனப்புல்லை வரப்பில் போட்டால் பூச்சி அதிகமாகாதா?*

எல்லாப் புல்லும் பொறிப்பயிர் ஆகாது. கோ-5 போன்ற கம்பு நேப்பியரை வரப்பில் போடுவது தீவனத்துக்கு நல்லது. பூச்சிக்கு எப்படி இருக்கிறது என்பதை உங்கள் வயலில் பத்து சென்ட் ஒதுக்கி ஒரு பருவம் பாருங்கள். பக்கத்துப் பத்து சென்ட்டை வழக்கம்போல விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். நல்லதானாலும் கெட்டதானாலும் இந்த இதழுக்கு எழுதுங்கள்.

கடைசியாக, கீரை விஷயம். போன வாரம் அக்கா பேசும்போது கேட்டேன். செப்டம்பர் மழையில் மடத்துப் பண்ணையில் புதிதாக விதைத்த ஒரு துண்டில் சிஸ்டர் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வரிசை நன்றாகத் தெரிந்ததாம். களை எடுப்பதில் ஒரு நாற்றுகூட வீணாகவில்லையாம். ஆனால் கீரை விதை கொஞ்சம் தாராளமாக விழுந்த இடத்தில், அது வேகமாக வளர்ந்து டெஸ்மோடியத்தை அமுக்கிவிட்டதாம். அடுத்த பருவம் பாதி விதை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குச் சொல்வார்களாம்.